கோயில் தளமும் பொறியாளர் கையெழுத்தும்: சிவில் படிப்பில் நம்பிக்கைக்கும் அறத்துக்கும் என்ன வேலை?

2025 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, வெருலத்தை ஒட்டிய ரெட்கிளிஃபில், சரிவான நிலத்தில் கட்டிக்கொண்டிருந்த நாலு மாடிக் கோயில் ஒன்று கான்கிரீட் போடும் வேளையில் இடிந்து விழுந்தது. 5 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு பிளான் எதுவும் பாஸ் ஆகவில்லை என்று டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி மாநகராட்சி அறிவித்தது.

அதன் பிறகு இங்குள்ள தமிழர்களான நம் ஆட்களிடையே சில கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. சாமி காரியத்துக்கும் பிளான் பாஸ் வேண்டுமா? காசு வாங்காமல் சேவையாகச் செய்த வேலைக்கும் சட்டப் பொறுப்பு உண்டா? மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்து சிவில் சேரப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னொரு கேள்வி: பாடத்திட்டத்தில் அறம் என்று ஒரு பகுதி இருக்கிறதே, கணக்கும் இயற்பியலும் படிக்கிற இடத்தில் அது எதற்கு? பக்தியோடு வளர்ந்த பிள்ளைக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா?

வெருலத்தில் என்ன பிழை நடந்தது என்று இந்தக் கட்டுரை தீர்ப்புச் சொல்லாது. அது விசாரணையின் வேலை. ஆனால் எல்லாக் கேள்விகளும் போய் நிற்கும் இடம் ஒன்றுதான். தனக்குத் தெரியாத வேலையை எவ்வளவு நல்ல மனசோடு செய்தாலும், சிவில் தொழிலில் அது அறப்பிழை. இது பக்திக்கு எதிரான பேச்சு என்று நினைக்க வேண்டாம். ஏன் அப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரு கட்டடம், ஐந்து பொறுப்பு

கோயில் கட்டும் பேச்சு வந்தால் "என்ஜினியர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எந்த என்ஜினியர், எதைப் பார்ப்பார் என்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. பொறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால் இப்படி வரும்:

1. ஆர்க்கிடெக்ட் அல்லது பிளான் வரைபவர். எந்த அறை எங்கே, வாசல் எந்தப் பக்கம், மாடிப்படி எவ்வளவு அகலம் என்பதெல்லாம் இவர் வேலை.

2. கட்டமைப்புப் பொறியாளர். சிவில் படித்து, கட்டட பலத்தில் தேர்ந்தவர். தூண் எவ்வளவு தடிமன், பீமில் எத்தனை கம்பி, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்து வைப்பவர் இவர்தான்.

3. ஒப்பந்ததாரர். வரைபடத்தில் உள்ளதைத் தரையில் நிறுத்துபவர்.

4. மாநகராட்சியின் கட்டட ஆய்வாளர். பாஸ் ஆன பிளான்படி வேலை நடக்கிறதா என்று பார்ப்பார். கம்பிக் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்ப்பது அவர் வேலையில்லை. அதற்குப் பொறியாளரின் கையெழுத்தைத்தான் நம்புவார்.

5. கோயிலானால் இன்னொருவரும் உண்டு: ஸ்தபதி. பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்படுபவர். கோபுரத்தின் அளவு விகிதம், சுதைச் சிற்பம், கருவறையின் அமைப்பு ஆகியவற்றில் அவருடைய அறிவு தலைமுறை தலைமுறையாக வந்தது. ஆனால் டர்பன் மண் அவர் கைபட்ட மண் இல்லை. சுதை வேலை எவ்வளவு கனம் என்று அவர் சொல்ல வேண்டும். அந்தக் கனத்தை அடியில் உள்ள பீம் தாங்குமா என்று பொறியாளர் சொல்ல வேண்டும்.

சிவில் படிப்பு உருவாக்குவது இரண்டாவது ஆளை மட்டும் இல்லை. சாலை, பாலம், அணை, குடிநீர், கழிவுநீர் எல்லாம் இதற்குள்தான் வரும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் க்வாசூலு-நட்டாலில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மக்கள் மாதக்கணக்கில் டாங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். அந்தக் குழாயைத் திரும்ப ஓட வைத்ததும் சிவில் வேலைதான். இந்தக் கட்டுரை கட்டடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

பாடத்திட்டத்தில் அறம் எங்கே இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவில் சிவில் பொறியாளராவதற்கான பட்டம் 4 வருடம். டர்பனில் க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் இது இருக்கிறது. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டெக்னீஷியன், டெக்னாலஜிஸ்ட் என்ற வேறு தடங்கள் உண்டு. எதில் சேர்ந்தாலும் மெட்ரிக்கில் கணக்கும் இயற்பியல் அறிவியலும் வேண்டும். கணக்குக்குப் பதிலாக மேத்ஸ் லிட்ரசி என்ற எளிய பாடம் எடுத்தவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. பத்தாம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பட்டங்களை மதிப்பிட்டு அங்கீகரிப்பது தென்னாப்பிரிக்கப் பொறியியல் கவுன்சில். எல்லாரும் எக்சா என்பார்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் எண் சட்டப்படி இயங்கும் அமைப்பு. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்பாடு என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்கா 1999இலிருந்து உறுப்பு. பட்டம் வாங்க ஒரு மாணவர் 11 திறன்களைக் காட்ட வேண்டும் என்கிறது எக்சா. கணக்குத் தீர்த்தல், வடிவமைத்தல், சோதனை செய்தல் போன்றவற்றோடு, தொழில்முறை நடத்தையும் அதில் ஒன்று. தன் வேலையால் மனிதர்களுக்கும் இயற்கைக்கும் என்ன ஆகும் என்று எடைபோடுவது இன்னொன்று. மற்றதில் 90 மார்க் வாங்கி இதை ஈடுகட்ட முடியாது. ஒவ்வொன்றிலும் தேற வேண்டும்.

பட்டம் வாங்கியதும் கையெழுத்து அதிகாரம் வந்துவிடாது. பயிற்சிப் பொறியாளராகப் பதிந்து, மூத்தவர் ஒருவரின் கீழ் குறைந்தது 3 வருடம் வேலை பார்த்து, அதை எழுதிக் காட்டி, எக்சாவின் மதிப்பீட்டில் தேறிய பிறகுதான் 'பதிவு பெற்ற பொறியாளர்'. அதன் பிறகு எக்சாவின் நடத்தை விதிகள் அவரைக் கட்டும். அதில் நாலு கருத்துகள் முக்கியமானவை.

1. தகுதி. தன் படிப்பும் அனுபவமும் எட்டாத வேலையை எடுக்கக் கூடாது. சாலை போடுவதில் 20 வருடம் பழுத்தவர், நாலு மாடிக் கட்டமைப்புக்குக் கையெழுத்திடுவது விதிமீறல்.

2. பொதுநலன். கூலி கொடுப்பவரின் விருப்பத்தைவிட மக்களின் உயிரும் உடல்நலமும் முதலில் வரும்.

3. நலமுரண். ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்பது. கோயில் கமிட்டியில் பொருளாளரும் அவர், கம்பி சப்ளை செய்பவரும் அவர், தரம் பார்ப்பவரும் அவர் தம்பி. நம் ஊர்களில் இது களவு எண்ணத்தோடு வருவதே இல்லை. இருக்கிற நாலு பேர்தான் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்கிறார்கள். ஆனாலும் முரண் முரண்தான். வெளிப்படையாகச் சொல்லி, சரிபார்க்கும் வேலையை வெளியாளிடம் கொடுக்க வேண்டும்.

4. கையெழுத்து. ஒரு வேலையைத் தேவையான அளவுக்குப் பார்க்காமல் 'சரி' என்று சான்றளிக்கக் கூடாது.

அப்படியானால் பக்தியுள்ள பிள்ளைக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா? வேண்டும். பொய் சொல்லாதே, திருடாதே என்பதை வீடும் கோயிலும் சொல்லித்தந்துவிடும். முட்டுக் கம்பம் எப்போது மடங்கும், அது தெரியாதவன் சென்ட்ரிங்கை (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையையும் முட்டையும்) பிரிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதை வீட்டில் யாரும் சொல்லித்தர முடியாது. இந்தத் தொழிலில் அறத்தில் பாதி, அறிவிலேயே இருக்கிறது. அதை ஒரு தளம் போடும் நாளை வைத்துப் பார்க்கலாம்.

தளம் போடும் நாள்: பச்சைக் கான்கிரீட்டின் எடை

10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 200 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு தளம். சின்ன மண்டபத்தின் கூரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு 16 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ. மொத்தம் 38 டன்னுக்கு மேல். நடுத்தரக் கார்கள் 30இன் எடை.

கான்கிரீட்டைக் கொட்டிய அன்றைக்கு அதற்குப் பலம் பூஜ்யம். கூழ் மாதிரி இருக்கிறது, தன்னையே தாங்காது. உள்ளே கட்டிய கம்பியும் அப்போது உதவாது, ஏனென்றால் கம்பியும் கான்கிரீட்டும் பிடித்துக்கொண்ட பிறகுதான் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். அதனால் அந்த 38 டன்னையும் சுமப்பது பலகையும் கீழே நிற்கும் முட்டுகளும்தான். கட்டி முடித்த கட்டடத்தைவிடக் கட்டும்போதுதான் ஆபத்து அதிகம் என்பதற்கு இதுதான் காரணம்.

முட்டுகளை 1.2 மீட்டருக்கு ஒன்றாக நிறுத்தினால், ஒவ்வொன்றின் தலையிலும் சுமார் 700 கிலோ. அதோடு பலகையின் எடை, மேலே நடக்கும் ஆட்கள். பம்ப் குழாயிலிருந்து கான்கிரீட் ஒரே இடத்தில் குவியலாக விழுந்து, பரப்புவதற்குத் தாமதமானால், அந்த இடத்து முட்டுக்குச் சுமை இரண்டு மடங்குகூட ஆகலாம். முட்டு நேராக நின்றால் தாங்கும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலோ, குறுக்குக் கம்பி கட்டாமல் விட்டிருந்தாலோ சட்டென்று மடங்கும். ஒன்று மடங்கினால் அதன் சுமை பக்கத்து முட்டுகளுக்குப் போகும்; அவையும் மடங்கும். ஓடுவதற்கு நேரம் இருக்காது.

முட்டின் காலடியையும் பார்க்க வேண்டும். டர்பன் கரையோரத்தில் பல இடங்களில் பெரியா செம்மணல் இருக்கிறது. காய்ந்திருக்கும்போது வெட்டி வைத்த சுவர் மாதிரி நிற்கும். தண்ணீர் இறங்கினால் தளர்ந்து அமுங்கும். டிசம்பர் நமக்கு மழைக்காலம். நேற்று இறுக்கமாக நின்ற முட்டு, ராத்திரி மழைக்குப் பிறகு இரண்டு விரற்கடை இறங்கியிருக்கலாம். காலையில் ஆள் போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

மாடி ஏற ஏற இன்னொரு சிக்கல் வருகிறது. இரண்டாம் தளத்தின் முட்டுகள் முதல் தளத்தின் மேல் நிற்கின்றன. முதல் தளம் போட்டு மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். வீட்டுத் தளமாக வடிவமைத்திருந்தால், அது எதிர்பார்த்த பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவு. இப்போது அதன் தலையில் 480 கிலோவுக்கு மேல் ஏறுகிறது. அதனால்தான் கீழ்த்தளங்களிலும் முட்டை எடுக்காமல், சுமையைத் தரை வரைக்கும் கொண்டு போக வேண்டும் என்பார்கள். "கீழே முட்டு மறிக்குது, எடுத்துடுங்க, டைல்ஸ் வேலையைத் தொடங்கலாம்" என்று யாராவது சொன்னால், மேலே தளம் போட்டு முடிகிற வரை முடியாது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் 2014 கட்டுமான விதிமுறைகள் இந்தத் தற்காலிக வேலைக்கே தனி விதி வைத்திருக்கின்றன. சாரம், முட்டு, பலகை ஆகியவற்றை வடிவமைக்கத் தகுதியான ஒருவரை எழுத்தில் நியமிக்க வேண்டும். கான்கிரீட் போடுவதற்குச் சற்று முன்பும், போடும்போதும், போட்ட பிறகும் ஒருவர் பார்வையிட வேண்டும்.

குறித்த நாளும் 28 நாளும்

கான்கிரீட் போடும்போதே அதிலிருந்து கொஞ்சம் எடுத்து 150 மில்லிமீட்டர் கனசதுரங்களாக வார்த்து, தண்ணீரில் வைப்பார்கள். ஏழாம் நாள் சிலவற்றை, 28ஆம் நாள் சிலவற்றை ஆய்வகத்தில் அழுத்தி உடைப்பார்கள். இதுதான் கியூப் டெஸ்ட். சாதாரண சிமெண்டில் ஏழு நாளில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் பலம் வந்திருக்கும். முழுப் பலத்துக்கான கணக்கு 28 நாள். அதுவும் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருந்தால்தான்.

இங்கே நம் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. கும்பாபிஷேகத்துக்கு முதலில் நாள் குறிக்கிறோம். பஞ்சாங்கம் பார்த்து, தமிழ்நாட்டிலிருந்து குருக்கள் டிக்கெட் போட்டு, பத்திரிகை அடித்து, ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. பிறகு மழை பெய்து வேலை இரண்டு வாரம் தள்ளிப் போகிறது. குறித்த நாள் நகராது. அதனால் நடுவில் உள்ள நாட்களைச் சுருக்குகிறோம். சென்ட்ரிங்கைப் பத்தாம் நாளே பிரித்தால் என்ன என்று யாரோ கேட்பார்கள். அவர் கெட்டவர் இல்லை. ராப்பகலாக ஓடி நன்கொடை சேர்த்தவராக இருப்பார்.

கும்பாபிஷேகத்தன்று நடப்பதையும் நினைத்துப் பாருங்கள். கலசத்துக்குத் தண்ணீர் ஊற்ற குருக்கள் மேலே ஏறுகிறார். கூடவே கமிட்டி, உபயதாரர் குடும்பம், வீடியோ எடுப்பவர், மைக் செட் ஆள், தண்ணீர்க் குடங்கள். 50 பேர் சர்வசாதாரணமாகக் கூரையில் நிற்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்ய இரண்டு பேர் ஏறுவார்கள் என்று நினைத்து வடிவமைத்த கூரையாக அது இருக்கலாம். கூட்டம் நெருக்கியடித்து நிற்கும் இடத்துக்கு சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று பொறியாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுத் தளத்துக்கு எடுப்பதைவிட மூன்று மடங்குக்கு மேல். காவடி ஆட்டம் நடக்கும் மாடி மண்டபமானால், ஒரே தாளத்தில் நூறு கால்கள் மிதிப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த விஷயம் வெளியிலிருந்து வரும் பொறியாளருக்குத் தெரியாது. "பிரார்த்தனைக் கூடம்" என்று பிளானில் எழுதியிருப்பதைப் பார்த்து, நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்வார். கலசத்தடியில் நின்று பழகிய பிள்ளை சிவில் படித்தால், முதல் நாளே கேட்கும்: கும்பாபிஷேகத்தன்று மேலே எத்தனை பேர் ஏறுவீர்கள்? நம்பிக்கைச் சூழலில் வளர்ந்தது இந்தத் தொழிலில் உண்மையான பலமாக மாறும் இடங்களில் இது ஒன்று.

சேவை என்றால் பொறுப்பு குறையுமா?

நட்டாலில் கோயில் கட்டியது யார் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். கரும்புத் தோட்டத்தில் கிடைத்த ஓய்வு நேரத்தில் தகரமும் மண்ணும் வைத்துக் கோயில் எழுப்பினார்கள். அப்புறம் கைத்தொழில் தெரிந்தவர்கள் செங்கல்லில் கட்டினார்கள். மவுண்ட் எட்ஜ்கோம் கணேசர் கோயிலைக் கட்டிய கிருஷ்டப்ப ரெட்டியின் பெயர் இன்றும் நினைவில் இருக்கிறது. அதே காலத்தில் கோயில் கட்டிய ராம்சாமி பிள்ளைக்குக் 'கொத்தனார்' என்பதே பெயரின் முன்னொட்டாகிவிட்டது. பிறகு இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950இன் குழுப்பகுதிச் சட்டம் மக்களைப் பெயர்த்து சாட்ஸ்வர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் தள்ளியபோது, புதிய இடத்தில் மறுபடியும் கையிலிருந்து காசு போட்டுக் கோயில் எழுப்பினார்கள். அரசு கோயில் எதையும் கட்டித் தராத காலம் அது.

அதனால் 'நாமே கட்டிக்கொள்வோம்' என்பது நமக்கு வெறும் சிக்கனம் இல்லை. மானத்தோடு பிணைந்த விஷயம். அந்தப் பெருமையை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் அன்றைய கோயில்கள் பெரும்பாலும் ஒரே தளம், தடித்த செங்கல் சுவர். விரிசல் விட்டால், விழுவதற்கு வெகு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். இன்று நாம் கட்டுவது கான்கிரீட் தூணில் நிற்கும் மூன்று, நாலு மாடி. அது எச்சரிக்கை கொடுக்காமல் விழக்கூடியது. அதே மனசு, வேறு கட்டடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1. 1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் கட்டட விதிமுறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு: மாநகராட்சியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது. கோயில், மசூதி, தேவாலயம் என்று விலக்கு இல்லை.

2. அதே சட்டத்தின்படி, 500 சதுர மீட்டருக்குக் குறைவானால் 30 நாள், அதற்கு மேலானால் 60 நாளுக்குள் மாநகராட்சி முடிவு சொல்ல வேண்டும். நடைமுறையில் இழுக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தாமதம் அனுமதி ஆகாது.

3. கட்டி முடித்ததும் 14ஆம் பிரிவின் கீழ் குடிபுகும் சான்றிதழ் வேண்டும்.

4. புது வீடுகளைப் பதிவு செய்து பார்வையிடும் என்.எச்.பி.ஆர்.சி. என்ற அமைப்பு வீடுகளுக்கு மட்டும்தான். கோயில் அதற்குள் வராது. அதாவது, வீட்டுக்கு இருக்கும் ஒரு கூடுதல் கண் கோயிலுக்கு இல்லை. அந்த இடத்தைக் கமிட்டிதான் நிரப்ப வேண்டும்.

அனுமதியில்லாமல் கட்டினால் 4ஆம் பிரிவு விதிக்கும் தண்டம் என்ன தெரியுமா? ஒரு நாளுக்கு 100 ராண்டுக்கு மிகாத அபராதம். 1977இல் அது பெரிய பணம். இன்று கிட்டத்தட்ட ஒரு மூட்டை சிமெண்ட் விலை. இவ்வளவு சின்ன அபராதம் யாரையும் தடுத்து நிறுத்தாது. மாநகராட்சி நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்க வேண்டியிருக்கிறது. அதுவும் போதவில்லை என்பதை 2013இல் டோங்காட்டில் பார்த்தோம். மால் கட்டுமானத்துக்கு எதிராக ஈதெக்வினி நீதிமன்றத் தடை வாங்கிய பிறகும் வேலை நடந்தது. நவம்பர் 19 அன்று இடிந்தது. 2 பேர் இறந்தார்கள், 29 பேர் காயமடைந்தார்கள்.

சரி, சேவையாகச் செய்தவரின் நிலை? எக்சாவின் விதிகளில் 'காசு வாங்கினால் மட்டும்' என்ற வாசகம் கிடையாது. இலவசமாக வைத்த கையெழுத்துக்கும் அதே பொறுப்புதான். காசு வாங்காத வேலையில் நேரம் குறைவாகச் செலவாகும், ஒப்பந்தம் எழுதப்படாது, தளத்துக்குப் போய்ப் பார்க்கும் தடவைகள் குறையும். அதனாலேயே இலவச வேலை கூடுதல் ஆபத்து. "தம்பி, நம்ம கோயிலுக்குத்தானே, ஒரு கையெழுத்து போட்டுக் கொடு" என்று கமிட்டித் தலைவர் கேட்கும்போது, "மாமா, மண் ரிப்போர்ட்டைக் காட்டுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

நம்பிக்கை எதைத் தீர்மானிக்கலாம்?

இரண்டு பக்கமும் முரட்டுத்தனம் உண்டு. வாஸ்து என்றாலே முகம் சுளிக்கும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். கான்கிரீட்டுக்கும் ஜாதகம் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்லையை எங்கே போடலாம்?

1. நம்பிக்கை முழுதாகத் தீர்மானிக்க வேண்டியவை: கோயிலின் திசை, கருவறையின் அளவு, கருவறைக்கு மேல் யாரும் நடமாடும் தளம் வரக் கூடாது என்ற நியதி, எந்தக் கல், எந்த வடிவம், வேலை தொடங்கும் நாள். பொறியாளர் இவற்றை வாங்கிக்கொண்டு, அவற்றுக்குள் விடை தேட வேண்டும். கருவறைக்கு மேல் தளம் கூடாதென்றால் தளத்தில் அந்த இடத்தைத் திறந்துவிட்டு, சுற்றிப் பீம் போடலாம். இது அழகான வடிவமைப்புப் பிரச்சினை.

2. பேசித் தீர்க்க வேண்டியவை: நடுவில் தூண் வரக் கூடாது என்றால், நீளமான பீம் போட்டுத் தவிர்க்கலாம், செலவும் எடையும் ஏறும். ஈசானிய மூலையில் தண்ணீர்த் தொட்டி வேண்டுமென்றால், அது அஸ்திவாரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது, கசிந்தால் மண் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். இவை வரைபடக் கட்டத்தில் பேச வேண்டியவை. தூண் எழும்பிய பிறகு வாஸ்து நிபுணரைக் கூட்டி வந்து "இதை எடுத்துடுங்க" என்றால் அதற்குப் பேச்சுவார்த்தையே இல்லை.

3. யாருடைய விருப்பமும் தீர்மானிக்க முடியாதவை: கம்பியின் அளவு, கம்பியை மூடியிருக்க வேண்டிய கான்கிரீட்டின் கனம், மண்ணின் தாங்குதிறன், பலம் ஏறும் நாட்கள். இந்தியப் பெருங்கடலின் உப்புக்காற்று வீசும் ஊரில் கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடல் குறைந்தால், இருபது வருடத்தில் துரு பிடித்துத் தளம் உதிரும். அதற்கு எந்தப் பரிகாரமும் இல்லை. இடித்துத்தான் கட்ட வேண்டும்.

விலகினால் போதாது, சொல்ல வேண்டும்

2024 மே 6 அன்று மேற்குக் கேப்பில் ஜார்ஜ் நகரில் கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் குடியிருப்பு விழுந்து 34 பேர் இறந்தார்கள். 2025 ஜூலையில் விசாரணை அறிக்கைகளை வெளியிட்டபோது, இது முழுக்கத் தடுத்திருக்கக்கூடிய விபத்து என்றார் பொதுப்பணித் துறை அமைச்சர் டீன் மெக்ஃபர்சன். அங்கே வேலை செய்தவர்கள் விரிசல்களைப் பார்த்திருக்கிறார்கள். பாதுகாப்பு ஆலோசகர் கவலை தெரிவித்து விலகியிருக்கிறார். வேலை நிற்கவில்லை.

சிவில் மாணவர் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. தவறென்று தெரிந்ததும் ஒதுங்கிப் போவது நம் பழக்கத்தில் நல்ல குணமாகவே பார்க்கப்படுகிறது: "எனக்கெதற்கு வம்பு, பாவத்தில் பங்கு வேண்டாம்." எக்சாவின் விதி அதோடு விடுவதில்லை. பொறியாளர் சொன்ன ஆலோசனையை ஏற்காமல் போய், அதனால் மக்களுக்கு ஆபத்து வரும் என்றால், விளைவை எழுத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். அதே சமயம் கவுன்சிலுக்கும் தெரிவிக்க வேண்டும். கை கழுவியவரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. வேலையில் இருப்பவர் தன் நிறுவனத்தின் தவறை வெளிப்படுத்தினால் பழிவாங்கப்படாமல் காக்க 2000ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டம் இருக்கிறது.

நடைமுறையில் இது கடினம். எதிரே நிற்பது முகம் தெரியாத கம்பெனியானால் கடிதம் எழுதிவிடலாம். எதிரே நிற்பது தன் கல்யாணத்துக்கு முன்னால் நின்று உழைத்த பெரியப்பாவானால்? புரட்டாசி சனிக்கிழமையில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரானால்? வகுப்பறையில் அறப் பாடத்தைப் பெரும்பாலும் கம்பெனி உதாரணத்தோடுதான் நடத்துகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு வரப்போகிற சோதனை பெரும்பாலும் சொந்தக்காரர் வடிவத்தில் வரும். அதற்கு வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்திருப்பது நல்லது.

எங்கே படிக்கலாம்: நம்பிக்கை சார்ந்த கல்லூரியா, பொதுப் பல்கலைக்கழகமா?

மத நம்பிக்கையை அடித்தளமாக வைத்து பொறியியல் சொல்லித்தரும் கல்லூரிகள் உலகில் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கால்வின் பல்கலைக்கழகம் கிறிஸ்தவ மரபில் அப்படிச் செய்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் மடத்தின் பின்னணியில் அம்ரிதாவும், கிறிஸ்தவப் பின்னணியில் காருண்யாவும் சிவில் பட்டம் தருகின்றன. டர்பனிலிருந்து பிள்ளைகளைத் தமிழ்நாட்டுக்கு அனுப்ப நினைக்கும் குடும்பங்கள் உண்டு.

அப்படி நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அங்கீகாரம். இந்தியா 2014இல் வாஷிங்டன் உடன்பாட்டில் சேர்ந்தது. ஆனால் இந்தியாவில் உள்ள எல்லாப் பட்டத்துக்கும் அது பொருந்தாது. அந்த உடன்பாட்டின் கீழ் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவாக இருக்க வேண்டும், அதுவும் பிள்ளை படித்த வருடங்களில். இல்லையென்றால் திரும்பி வந்து எக்சாவில் பதிவதற்கு நீண்ட மதிப்பீடு காத்திருக்கும். கல்லூரி வாசலில் எந்தச் சாமி படம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

இங்கேயே அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. அறப் பாடம் அங்கேயும் கட்டாயம். நம்பிக்கை வீட்டிலிருந்து வருகிறது. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தாய்க் கல்லூரிகளில் ஒன்று எம்.எல். சுல்தான் டெக்னிக்கான். கொல்லத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த ஒருவர், இந்தியர்களுக்குத் தொழிற்கல்வி மறுக்கப்பட்ட காலத்தில் தன் சம்பாத்தியத்தைக் கொடுத்ததால் உருவானது அது.

பயிற்சிப் பொறியாளராக இருக்கும் அந்த 3 வருடத்தில் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கோயிலுக்கு உண்மையாகவே உதவ முடியும், கையெழுத்து வைக்காமலேயே. மண் பரிசோதனைக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லலாம். தளம் போடும் நாளில் கியூப் வார்க்கிறார்களா என்று நின்று பார்க்கலாம். நாள் குறிப்பதற்கு முன் குருக்களையும் பொறியாளரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, கடைசித் தளத்திலிருந்து 28 நாள், மழைக்கு இரண்டு வாரம், சான்றிதழுக்கு இவ்வளவு என்று பின்னாலிருந்து எண்ணிய பிறகு, அதற்கு அப்பால் வரும் முகூர்த்தங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். பஞ்சாங்கத்தில் நல்ல நாளுக்குப் பஞ்சமில்லை. 28ஆம் நாள் ஆய்வகத்திலிருந்து வரும் கியூப் ரிசல்ட்டை, கோயில் நோட்டீஸ் போர்டில் நன்கொடையாளர் பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஒட்டச் சொல்லலாம்.